கத்திரிப்பூ நிறம் எங்கே போச்சு? செவ்வந்திக்கல் நிறம் மாறினால் பார்க்கும் முறை

“அண்ணாச்சி, கல்லு வெளுத்துட்டு. என்னன்னு பாத்துச் சொல்லுங்க.”

திருநெல்வேலி டவுணில் ரத வீதிப் பக்கம் கல்லும் வெள்ளியும் விற்கிற சின்னக் கடை எங்களுடையது. மாதத்தில் நாலைந்து தடவையாவது இந்தக் குரல் கேட்கும். மோதிரத்தைக் கழற்றி மேஜைமேல் வைக்கும்போதே முகத்தில் ஒரு பயம் தெரியும். எண் கணிதக்காரர் 3-ஆம் எண்ணுக்கு என்று சொல்லி வாங்கியிருப்பார்கள். இல்லை, நீலம் வாங்கக் கட்டாது என்று சனிக்கு இதைப் போட்டிருப்பார்கள். “தோஷத்தைக் கல்லு இழுத்துக்கிட்டு, அதான் நிறம் மாறுது” என்று யாராவது சொல்லியும் வைத்திருப்பார்கள். நான் பார்த்தவரையில் கல் இழுத்து வைத்திருந்தது தேங்காய் எண்ணெயும் சோப்பு நுரையும்தான்.

செவ்வந்திக்கல்லைக் கடைகளில் அமெதிஸ்ட் என்றே சொல்வோம். நல்ல கல் நாவற்பழச் சாறு மாதிரி இருக்கும். சாதாரணக் கல் கத்திரிப்பூ நிறம். புகார் எதுவானாலும் எனக்குள் ஓடுவது மூன்று கேள்விதான். நிறம் நிஜமாகவே போயிருக்கிறதா? போயிருந்தால், கல்லுக்குள் இருந்த நிறமா, மேலே ஏற்றின நிறமா? உள்ளே இருந்தது என்றால் வெயிலில் போனதா, நெருப்பில் போனதா? இந்த வரிசையிலேயே பாருங்கள். அழுக்கைச் சாயம் என்று நினைத்து நல்ல கல்லைப் பழைய வெள்ளியோடு சேர்த்து எடைக்குப் போட்டவர்கள் உண்டு. சாயத்தை அழுக்கு என்று நினைத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டவர்களும் உண்டு.

அறிகுறி: கல் மங்கி, உயிர் இல்லாமல் இருக்கிறது

முதலில் கழுவுங்கள். பாதிப் புகார் இங்கேயே முடிந்துவிடும்.

ராசிக்கல் மோதிரத்தில் கல் விரலைத் தொட வேண்டும் என்று அடியைத் திறந்து கட்டுவார்கள். அந்தத் திறந்த அடியில்தான் அத்தனையும் போய் அடைகிறது. போடுவதற்கு முன் ராத்திரி முழுக்கப் பசும்பாலில் ஊற வைத்திருப்பார்கள்; பால் கல்லுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் கழுவாமல் போட்டால் கொழுப்பு அடியில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தலைக்கு வைக்கிற எண்ணெய், துணி சோப்பு, பிசைந்த மாவு. பட்டை தீட்டின கல்லில் மேலிருந்து நுழையும் வெளிச்சம் அடிப்பட்டைகளில் பட்டுத் திரும்பி வந்தால்தான் கல் மின்னும். அடியில் எண்ணெய்ப் படலம் இருந்தால் வெளிச்சம் அந்த வழியாகவே வெளியே போய்விடும். கல் மேலே பளபளவென்று இருந்தாலும் உள்ளே செத்துத் தெரிவது அதனால்தான்.

வெதுவெதுப்பான தண்ணீர், துளி பாத்திரம் கழுவும் திரவம், குழந்தைகள் பல் தேய்க்கிற மெத்தென்ற பிரஷ். மோதிரத்தைக் கவிழ்த்துப் பிடித்து அடியிலிருந்து தேயுங்கள். பூந்திக்கொட்டை ஊறின தண்ணீரும் நல்லது, எங்கள் அம்மா அதில்தான் எல்லா நகையையும் கழுவுவாள். குளோஸ் செட்டிங், அதாவது அடி மூடிய கட்டு என்றால் தண்ணீரில் போடவே வேண்டாம். அதற்குத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

ஒன்று குறிப்பாகக் கவனியுங்கள். கல் வெளுக்காமல், ஒரு மாதிரி பழுப்படித்துத் தெரிந்தால், அதைப் போடுகிறவர் மஞ்சள் பூசிக் குளிக்கிறவரா என்று கேளுங்கள். ஊதாக் கல்லின் அடியில் மஞ்சள்கறை படிந்தால் மேலிருந்து பார்க்கப் பழுப்பாகத் தெரியும். தீயில் பட்டு நிறம் திரிந்த கல்லும் முதல் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். கழுவின பிறகுதான் எது எது என்று பிரியும்.

கழுவியும் மங்கல் போகவில்லையா? பத்து மடங்கு லென்ஸில் பட்டைகளின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பெல்லாம் தேய்ந்து மொண்ணையாக இருந்தால் நிறம் போகவில்லை, மெருகு போயிருக்கிறது. செவ்வந்திக்கல் என்பது குவார்ட்ஸ் என்ற கனிமம். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்கிற மோஸ் அளவில் அதன் கடினம் 7. தாமிரபரணி மணலில் பெரும்பங்கும் இதே குவார்ட்ஸ்தான். நம் வீட்டுத் தூசியிலும் அதன் பொடி இருக்கும். அதனால் காய்ந்த துணியால் கல்லைத் துடைப்பது, சாம்பலோ பற்பொடியோ போட்டுத் தேய்ப்பது எல்லாம் கல்லைக் கல்லால் தேய்க்கிற வேலை. வருஷக்கணக்கில் தேய்ந்த கல்லைக் கழற்றி மறுபடி மெருகு போட்டுக்கொள்ளலாம். சின்னக் கல்லுக்கு அந்தக் கூலி கட்டாது.

அறிகுறி: கடையில் ஒரு நிறம், வீட்டில் ஒரு நிறம்

இது பழுதே இல்லை. பட்டுப் புடவை எடுக்கப் போனால் புடவையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வருகிற ஆச்சிமார்களைப் பார்த்திருப்பீர்கள். கல்லுக்கும் அதே நியாயம்தான், ஆனால் யாரும் செய்வதில்லை.

மஞ்சள் ஒளி தரும் குண்டு பல்பில் செவ்வந்திக்கல் சிவப்போடிய ஊதாவாகத் தெரியும். பகல் வெளிச்சத்திலும் வெள்ளை டியூப் லைட்டிலும் நீலம் தூக்கலாகத் தெரியும். கல் சிவப்பையும் நீலத்தையும் இரண்டையுமே விடுகிறது. விளக்கில் எது அதிகமோ அது கண்ணுக்கு வருகிறது. கடைகளில் நகைக்கு மேலே வரிசையாக எரிகிற விளக்குகளை நாங்கள் சும்மா மாட்டவில்லை. என் கடையிலும் மாட்டியிருக்கிறேன், பொய் சொல்லுவானேன்.

சோதிக்க: காலை ஒன்பது, பத்து மணி வாக்கில், வெயில் நேராக விழாத ஜன்னலோரத்தில், வெள்ளைத் தாள்மேல் கல்லை வையுங்கள். அங்கே தெரிவதுதான் அதன் நிறம். ஊதாச் சேலையோ சிவப்புத் துண்டோ பக்கத்தில் இருக்கக் கூடாது. வாங்கும்போதே இப்படி ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் பின்னால் சண்டைக்கு இடமில்லை. பழைய போட்டோவில் வேறு விளக்கு, இப்போது வேறு விளக்கு என்றால் ஒப்பிடாதீர்கள். போன் கேமரா ஊதா நிறத்தில் நிறையவே தடுமாறும்.

அறிகுறி: ஒரு பக்கம் அடர்த்தி, ஒரு பக்கம் வெள்ளை

இதுவும் போன நிறம் இல்லை, வராத நிறம். செவ்வந்திப் படிகம் வளரும்போது நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறாது. நுனி முகங்களை ஒட்டிப் பட்டை பட்டையாக ஏறும். பட்டை தீட்டுகிறவர் அடர்ந்த பகுதி கல்லின் அடி நுனியில் விழும்படி வெட்டுவார். மேலிருந்து பார்த்தால் கல் முழுக்க நிறம் பரவியிருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் பாதி கண்ணாடி. வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள்: நேர்க்கோடாக, கோணமாக மடங்கும் ஊதாப் பட்டைகள் தெரிந்தால் சந்தோஷப்பட வேண்டும். கண்ணாடியில் அப்படி வராது. கண்ணாடியில் தெரிவது வளைந்த சுழியும் உருண்டைக் காற்றுக் குமிழியும்.

அறிகுறி: நிறம் விரலில், துணியில், பஞ்சில் ஒட்டுகிறது

குற்றாலம் சீசனுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் வாங்கி வரும் மணிமாலைகளில் இதை அதிகம் பார்க்கிறேன். நிறமில்லாத குவார்ட்ஸைச் சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்தால் உள்ளே மெல்லிய வெடிப்புகள் விழும்; அதில் சாயத்தை ஏற்றிவிடுவார்கள். லென்ஸில் பார்த்தால் நிறம் கல்லில் இருக்காது, வெடிப்புக் கோடுகளில் மட்டும் வலை மாதிரி இருக்கும். மணியின் துளையில் சாயம் தங்கி அடர்ந்திருக்கும்.

அசிட்டோன் தொட்ட பஞ்சுக் குச்சியைத் துளைக்குள் விட்டுத் திருப்பிப் பாருங்கள். நகப்பூச்சு அழிக்கிற திரவம் பலவற்றில் அதுதான் இருக்கிறது. பஞ்சில் ஊதா வந்தால் சாயம். மோதிரக் கல்லில் செய்வதானால் ஓர் ஓரத்தில் மட்டும். பஞ்சில் வராமல், கல்லின் விளிம்புகளில் மட்டும் நிறம் உரிந்து வெள்ளை தெரிந்தால் அது மேலே பூசின மெல்லிய படலம்.

இரண்டுக்கும் வைத்தியம் கிடையாது. விலையைப் பொறுத்து, மாலையாகவே மாட்டிக்கொள்ளுங்கள், இல்லை குழந்தைகளிடம் கொடுங்கள்.

அறிகுறி: மெல்ல மெல்ல வெளிறிவிட்டது, கழுவியும் மாற்றமில்லை

இங்கேதான் நிஜமான நிற இழப்பு தொடங்குகிறது. அதனால் இந்த ஊதா எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலைப் பார்த்திருப்பீர்கள். அந்த மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். ஒவ்வொரு மணிக்கும் வெளியே இரும்புத் துரு பூசியிருப்பதால் சிவப்பாக இருக்கிறது. செவ்வந்திக்கல்லிலும் நிறம் தருவது அதே இரும்பு, ஆனால் வெளியே இல்லை, படிகத்தின் கட்டுக்குள். பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு இருந்தாலே போதும். குவார்ட்ஸ் படிகத்தில் சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் அந்த இரும்பு உட்கார்ந்திருக்கும். அது மட்டும் ஊதாவைத் தந்துவிடாது. சுற்றியுள்ள பாறையிலிருந்து வரும் காமா கதிர், லட்சக்கணக்கான வருஷங்கள் அதன்மேல் பட்டு, இரும்பின் எலக்ட்ரான் ஒன்றை இடம் பெயர்த்துவிடுகிறது. அப்படி உண்டான நிலைதான் ஊதா. கதிர் என்றதும் கூடங்குளத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். கல்லில் கதிரியக்கம் எதுவும் தங்கியிருக்காது.

பெயர்ந்த எலக்ட்ரான் பழைய இடத்துக்குத் திரும்பினால் நிறம் போச்சு. அதற்குத் தேவை கொஞ்சம் சக்தி. வெயிலின் புற ஊதாக் கதிர் அதை மெதுவாகச் செய்யும், நெருப்பு நிமிஷத்தில் செய்யும்.

வெயிலில் வெளிறுவது எல்லாக் கல்லிலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. சில சுரங்கத்துக் கல் சீக்கிரம் வெளுக்கும், சிலது வருஷக்கணக்கில் அசையாது. தினமும் மோதிரம் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆபத்து, ஒரே இடத்தில் அசையாமல் வெயில் வாங்குகிற கல்லுக்குத்தான். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். உடைத்த தேங்காய் மூடி மாதிரி, உள்ளே ஊதாப் படிகம் நிறைந்த பெரிய பிரேசில் கல்லை மேற்குப் பார்த்த ஜன்னல் திட்டில் வைத்திருந்தார்கள். நம் ஊர் சித்திரை வைகாசி வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. கல்லைத் திருப்பிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் சாம்பல் கலந்த வெளிர் நிறம், சுவர்ப் பக்கம் இன்னும் கத்திரிப்பூ.

சோதிக்கும் முறையும் அதுதான்: வெளிச்சம் படாத பகுதியோடு ஒப்பிடுங்கள். மோதிரத்தில் கல்லைப் பிடித்திருக்கும் கால்களுக்கு அடியில், படிகக் குவியலாக இருந்தால் அடிப்பக்கத்தில். மறைவில் அடர்த்தி, வெளியில் வெளிறல் என்றால் வெயில்தான். எல்லா இடமும் ஒரே மாதிரி வெளிறல் என்றால், வாங்கும்போதே வெளிர் கல்லாக இருந்திருக்கலாம். ஞாபகம் நிறத்தைக் கூட்டிக் காட்டும்.

போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற இடத்தை மாற்றுங்கள். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே பிள்ளையார் பக்கத்தில் வைத்திருக்கும் ஊதாக் கல்லும் இதில் சேர்த்தி. கழுவின மோதிரத்தை மொட்டை மாடியில் வடகத்தோடு காய வைக்காமல் நிழலில் உலர்த்துங்கள்.

அறிகுறி: பட்டறையிலிருந்து வந்தபோது மஞ்சள், பழுப்பு, அல்லது பால் மாதிரி வெள்ளை

இது என் சொந்த அனுபவம். மைனியின் வெள்ளி மோதிரம் விரலுக்குச் சிறிதாகிவிட்டது. பெரிதாக்க ஒரு பட்டறையில் கொடுத்தோம். நானே கடைக்காரன், நானே கல்லைக் கழற்றிவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும், சோம்பல். நாவற்பழ நிறத்தில் போன கல் இஞ்சிமிட்டாய் நிறத்தில் திரும்பி வந்தது, குறுக்கே ஒரு வெடிப்போடு. ஆசாரி என்னிடம் திரும்பி, “இது டூப்ளிகேட் கல்லு அண்ணாச்சி, நல்ல கல்லுன்னா தாங்கியிருக்கும்” என்றார். மைனி என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் கண்ணாடியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டேன் என்று இருந்தது.

உண்மை நேர்மாறு. மஞ்சளானதே அது அமெதிஸ்ட்தான் என்பதற்குச் சாட்சி. கடைகளில் சிட்ரின் என்று விற்கும் மஞ்சள் கற்களில் பெரும்பாலானவை, செவ்வந்திக்கல்லை உலையில் 400, 500 டிகிரிவரை சூடாக்கி எடுத்தவைதான். பட்டறையில் வெள்ளிப் பற்றாசு உருகி ஓட 600 டிகிரியைத் தாண்ட வேண்டும். அதாவது, ஒட்டு பிடிப்பதற்குள் கல்லின் ஊதா போய்விடும். அதோடு இன்னொரு கண்டமும் உண்டு: 573 டிகிரியில் குவார்ட்ஸின் படிக அமைப்பே மாறிப் பருமன் சட்டென்று கூடும். ஊதுகுழல் ஜுவாலையில் ஒரு பக்கம் மட்டும் அந்தச் சூட்டைத் தொட்டால் கல் விரிசல் விடும். வெந்த சூட்டோடு தண்ணீரில் போட்டால் மிச்சமும் விரிசல் விடும்.

எவ்வளவு சூடு பட்டது என்பதைக் கல்லே சொல்லும். ஊதா வெளிறியிருந்தால் சூடு மிதம். மஞ்சள், செம்பழுப்பு என்றால் நன்றாக வெந்திருக்கிறது. பால் மாதிரி கலங்கியிருந்தால் அதற்கும் மேலே. அபூர்வமாகச் சில கற்கள் மஞ்சளாகாமல் வெளிர் பச்சையாகும். பிரேசிலில் மொன்டெசூமா என்ற ஊர்க் கல் அதற்குப் பேர்போனது, அந்தப் பச்சையைப் பிராசியோலைட் என்று விற்கிறார்கள். ஒரே கல்லில் பாதி ஊதா, பாதி மஞ்சள் இருந்தால் நெருப்பைச் சந்தேகிக்கும் முன் அது அமெட்ரின் என்ற இருநிறக் கல்லா என்று பாருங்கள். பொலிவியாவின் அனாயி சுரங்கத்தில் இயற்கையாகவே அப்படிக் கிடைக்கிறது, அதற்கு விலையும் உண்டு.

மிதமாகச் சூடேறின கல்லைக் காமா கதிரில் வைத்தால் ஊதா திரும்பக்கூடும். ஆனால் அது ஆலை வேலை. ஒரு மோதிரக் கல்லுக்காக யாரும் செய்து தர மாட்டார்கள். வெடிப்பு இல்லாவிட்டால் மஞ்சளாகவே போட்டுக்கொள்ளலாம், சிட்ரினும் அழகுதான். மைனியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். புதுக் கல் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த தடவை மோதிரம் சிறிதாக்கவோ பெரிதாக்கவோ கால் ஒட்டவோ கொடுத்தால், “கல்லைக் கழத்திட்டு ஊதுங்க” என்று வாயால் சொல்லி, அவர் கழற்றுவதையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஆவியில் சுத்தம் செய்யும் மெஷின் வைத்திருந்தால் அதிலும் இந்தக் கல்லைக் காட்ட வேண்டாம்.

அறிகுறி: கல்லுக்குப் பின்னால் கறுப்புத் திட்டு, ஈரம் தெரிகிறது

அடி மூடிய பழைய நகைகளில் வரும். நாகர்கோவில் வடசேரியில் செய்கிற கெம்பு நகைகளைப் போல, கல்லுக்கு அடியில் மெல்லிய பளபளத் தகடு வைத்துக் கட்டியிருப்பார்கள். வெளிர் கல்லுக்கு நிறம் ஏற்றிக் காட்டவும் நிறத் தகடு வைப்பதுண்டு. உள்ளே தண்ணீர் போனால் தகடு கறுக்கும், கல் மேலிருந்து பார்க்க நிறம் மாறினாற்போல் இருக்கும். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல் கட்டுகிற ஆசாரியிடம் கொடுத்துத் தகடு மாற்றச் சொல்லுங்கள். கழற்றும்போது, கல் மட்டும் தனியாக என்ன நிறம் என்று பார்த்துவிடுங்கள். சிலருக்கு அன்றுதான், பாட்டி காலத்து ஊதாக் கல் நிறமே இல்லாத வெள்ளைக் கல் என்று தெரியவரும்.

அறிகுறி: நிறம் மாறவே இல்லை, அதுதான் சந்தேகம்

இப்படியும் ஒருவர் வந்தார். பத்து வருஷமாக அப்படியே இருக்கிறதாம், அசலாக இருக்காது என்றார். அசல் கல் மாறியே தீர வேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாது. அதே நேரம், ஆலையில் வளர்த்த செவ்வந்திக்கல் 1970-களிலிருந்தே சந்தையில் இருக்கிறது. அதுவும் குவார்ட்ஸ்தான், அதே இரும்புதான், சூட்டில் அதே மாதிரிதான் மாறும். அதனால் நிறத்தை வைத்தும், நெருப்பில் காட்டியும் இயற்கையா வளர்ப்பா என்று சொல்லவே முடியாது. கண்ணால் பார்த்தே சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. ஜெய்ப்பூர், மும்பை போன்ற ஊர்களில் ரத்தினப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. சின்னக் கல்லானால் பரிசோதனைக் கட்டணம் கல் விலையைத் தாண்டிவிடும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ‘டெல்லி பர்ப்பிள் சபையர்’ என்ற பெயரோடு ஒரு கல் இருக்கிறது. அது சபையர் என்கிற நீலக்கல்லே இல்லை, அமெதிஸ்ட். பேர் எப்படியும் ஒட்டிக்கொள்ளும்.

அறிகுறி: ஜோடித் தோட்டில் ஒன்று மட்டும் வேறு நிறம்

இரண்டையும் கழுவி, இரண்டையும் வெள்ளைத் தாளில் கவிழ்த்து வையுங்கள். பெரும்பாலும் ஒன்றில் எப்போதோ கல் விழுந்து வேறு கல் கட்டியிருப்பார்கள். வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் “ஆமா, உன் சித்தி கல்யாணத்துல ஒண்ணு தொலஞ்சுது” என்று கதை வெளியே வரும். வேறு சுரங்கத்துக் கல், வேறு பட்டை அமைப்பு. வாங்கும்போது ஒத்துப்போனாலும் வெளிறும் வேகம் ஒத்துப்போகாது.

கல் மாற்ற வருகிறவர்கள் ஒற்றைத் தோட்டோடு வராதீர்கள், இரண்டையும் எடுத்துக்கொண்டு காலையில் வாருங்கள். வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து இருபது கல்லைக் கொட்டிப் பொறுக்கினால் இரண்டு சேரும். சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு வந்து அவசரப்படுத்தினால் நான் ஜோடி சேர்த்துத் தருவதில்லை.